வலிக்காத காயம்

சென்ற கல்வியாண்டில் ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கான விளக்கப்படங்களைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தோம். அந்த வகுப்பில் குழுச் செயல்பாடு நடக்கும்போது நானும் பிள்ளைகளோடு தரையில் உட்காருவது வழக்கம். அதனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். படம் மாட்டி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். இரண்டு பாடவேளைகள் நின்றபடியே பாடம் நடத்தினேன். மதியம் சத்துணவு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடி வந்தாள்.

"டீச்சர், நீங்க நடந்து வந்த இடமெல்லாம் ரத்தம்!"

குனிந்து பார்த்தேன். வராந்தா தரையில் நான் வந்த வழியெங்கும் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள். செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால், படம் மாட்டும்போது கீழே விழுந்த டிராயிங் பின் ஒன்று தலைவரை இறங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அதன்மேல்தான் நான் நின்றிருக்கிறேன், நடந்திருக்கிறேன். எனக்கு எதுவுமே தெரியவில்லை.

பிள்ளைகள் ரத்தத்தைப் பார்த்துப் பயந்தார்கள். என்னைப் பயமுறுத்தியது ரத்தம் அல்ல. அந்தப் பின்னைப் பிடுங்கியபோதும் வலிக்கவில்லை என்பதுதான்.

எனக்கு நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை போடுகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பரிசோதிக்கிறேன், ஆகவே நான் சரியாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட என் பாதத்தை யாரிடமும் காட்டியதில்லை. நானே பார்த்ததும் இல்லை. பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்தும் அறிவியல் ஆசிரியை நான் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எதனால் இப்படி ஆகிறது?

நம் கால் விரலில் முள் குத்தினால் அந்தச் செய்தி முதலில் முதுகுத்தண்டுக்குப் போக வேண்டும். கால் விரல் நுனியிலிருந்து இடுப்புப் பகுதி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே நரம்பு இழை ஓடுகிறது. உடலிலேயே மிக நீளமான இழைகள் இவைதான். இவ்வளவு நீளமான இழைக்கு வழி நெடுக உணவும் ஆக்சிஜனும் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றைக் கொண்டுவருபவை நரம்பைச் சுற்றி ஓடும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள்.

ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் மூன்று வகையில் கேடு நேர்கிறது. முதலாவது, நரம்புச் செல்லுக்குள் அளவுக்கு மீறிப் புகும் குளுக்கோஸின் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறித் தேங்குகிறது. இதனால் செல்லின் இயல்பான வேதிவினைகள் குலைகின்றன. இரண்டாவது, நரம்புக்கு உணவூட்டும் நுண்குழாய்களின் சுவர் தடித்து, ரத்த ஓட்டம் குறைகிறது. மூன்றாவது, மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சேதமடைகிறது. உறை கெட்ட கம்பியில் மின்சாரம் தடுமாறுவதுபோல் நரம்பிலும் செய்தி தடுமாறுகிறது. சில நேரம் இல்லாத செய்தியை அனுப்புகிறது. சுடாத கால் எரிவதாகச் சொல்கிறது. சில நேரம் இருக்கும் செய்தியை அனுப்பாமல் விடுகிறது. குத்திய பின்னைச் சொல்லாமல் விட்டது இப்படித்தான்.

நீளமான இழை முதலில் கெடுவதால் இந்த நோய் கால் விரல்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறுகிறது. காலுறை போட்ட இடம் எதுவோ, அதுதான் முதலில் மரத்துப்போகும். முழங்காலை நெருங்கும் கட்டத்தில் கை விரல்களிலும் தொடங்கும். அப்போது கையுறை போட்ட இடமும் மரத்துப்போகும். இரண்டு காலிலும் ஒரே அளவாக வருவது இதன் அடையாளம். ஒரு காலில் மட்டும் மரப்பு இருந்தால் அது இடுப்புத் தட்டு விலகல் போன்ற வேறு காரணமாக இருக்கலாம்.

உடல் தரும் முன்னறிவிப்புகள்

திரும்பிப் பார்த்தால், எனக்கு இரண்டு மூன்று ஆண்டுகளாகவே அறிகுறிகள் இருந்திருக்கின்றன. இரவில் படுத்ததும் பாதம் எரியும். மின்விசிறிக்கு நேராகக் காலை நீட்டிக்கொள்வேன். நாள் முழுக்க நிற்கும் வேலைதானே என்று விட்டுவிட்டேன். காலையில் அண்ணனூர் ரயில் நிலையப் படிகளில் அவசரமாக ஏறும்போது செருப்பு கழன்று கீழ்ப்படியிலேயே நின்றுவிடும். இரண்டு படி ஏறிய பிறகு பின்னால் வருபவர் சொல்லித்தான் தெரியும். செருப்பு பழசாகிவிட்டது என்று புதுச்செருப்பு வாங்கினேன். புதுச்செருப்பும் கழன்றது. கழன்றது செருப்பின் குற்றமில்லை, அது கழல்வதைக் கால் உணரவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பொதுவாகக் காணப்படும் அறிகுறிகள் இவை:

பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போலவோ எறும்பு ஊர்வது போலவோ ஓர் உணர்வு; இவை இரவில் கூடும். போர்வை பட்டாலே சிலருக்குத் தாங்காது. தரையில் நடக்கும்போது பஞ்சின் மேலோ மணலின் மேலோ நடப்பதுபோல் தோன்றும். சூடு, குளிர்ச்சி சரியாகத் தெரியாது. முகம் கழுவக் கண்ணை மூடியதும் உடல் தள்ளாடும். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி வராததால் அதுவரை கண்ணை வைத்துத்தான் சமாளித்திருப்போம். வியர்வை நரம்பும் கெடுவதால் பாதத் தோல் வறண்டு வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் நகம்போல் வளையும். விரலின் மேல் முட்டும் உள்ளங்காலின் முன்பகுதியும் காய்த்துப்போகும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேர் வரை எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எரிச்சல் இருந்தவர்களுக்கும் ஒரு கட்டத்தில் எரிச்சல் தானாகக் குறையும். சரியாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. எரிச்சலைச் சொல்லும் நரம்பும் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இருக்கலாம்.

நம்மில் எத்தனை பேர்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 14.4 சதவீதம் பேர். முப்பது ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அதே அறக்கட்டளை சென்னை நகரில் முன்பு நடத்திய ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் 26 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு காணப்பட்டது. நான்கில் ஒருவர். என் பள்ளியின் அந்த ஒருவர் நான்.

சென்னைக்கு இந்த நோயோடு நீண்ட தொடர்பு உண்டு. 1948இலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். பின்னர் ராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை, நீரிழிவுப் பாதப் பராமரிப்பில் பெயர் பெற்றது. இவ்வளவு வசதிகள் அருகில் இருந்தும் பாதத்தைக் காட்டாமல் இருப்பது நம் தவறுதான்.

கொல்லிமலையில் பிறந்த ஒரு மருத்துவர்

வலி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை உலகத்துக்கு உணர்த்திய ஆராய்ச்சி நம் மாநிலத்தில்தான் நடந்தது. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து மறைகின்றன என்பது அப்போது புரியாத புதிர். நோயே சதையை அழுகவைக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தார். கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்தார்கள். ஆணி குத்திய காலோடு நடந்தார்கள். இரவில் தூங்கும்போது எலி கடித்தும் சிலர் விழிக்கவில்லை. விரல்களை அழித்தது நேரடியாக நோயல்ல, உணர்ச்சியற்றுப் போனதால் தினமும் நேரும் கவனிக்கப்படாத காயங்களே என்று அவர் நிறுவினார். காயம்பட்ட பாதத்துக்கு ஓய்வும், மென்மையான நுண்துளை ரப்பர் அடி வைத்த செருப்பும் கொடுத்தால் புண் ஆறியது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது வேலூரில் பார்த்த அதே புண்கள், அதே இடங்களில். வேலூரில் கற்ற பாடம் உலகம் முழுவதும் நீரிழிவுப் பாத மருத்துவத்துக்கு உதவியது.

நம் பகுதிக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஆவடியில் தொழுநோய் ஆராய்ச்சிக்கான மத்திய நிறுவனத்தின் களப்பிரிவு இயங்கிவந்தது. 1999இல் அது மற்றொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமாக இருக்கிறது. பள்ளிக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் பிள்ளைகளின் உடலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று பார்ப்பதை நாம் அறிவோம். பிள்ளைகளின் தோலில் தேடும் அதே உணர்ச்சியின்மையை நம் பாதத்தில் தேட மறந்துவிட்டோம்.

மூன்று எளிய சோதனைகள்

பின் குத்திய அன்று மாலை அரசு மருத்துவமனைக்குப் போனேன். காயத்தைச் சுத்தம் செய்து, தடுப்பூசி போட்ட பிறகு மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொட்டார். "தொடும்போதெல்லாம் ஆமாம் சொல்லுங்க, டீச்சர்" என்றார். நான் நான்கு முறை சொன்னேன். கண்ணைத் திறந்ததும், "பத்து இடத்துல தொட்டேம்மா" என்றார்.

அந்த இழைக்கு மோனோஃபிலமென்ட் என்று பெயர். சரியாக 10 கிராம் அழுத்தம் பட்டதும் வளைந்துவிடும்படி செய்யப்பட்டது. அந்த அளவு அழுத்தத்தைக்கூட உணராத பாதத்துக்குப் புண் வரும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது சோதனை அறிவியல் ஆசிரியர்களுக்கு நன்கு பழகியது. இசைக்கவையை அதிரவைத்து அதன் அடிப்பகுதியைக் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்பார்கள். அதிர்வு எப்போது நிற்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் பயன்படுத்துவது 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை. பள்ளி ஆய்வகத்தில் பெரும்பாலும் இருப்பவை 256 ஹெர்ட்ஸில் தொடங்கும் என்பதால் அவற்றை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

மூன்றாவது சோதனைக்குக் கருவியே வேண்டாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான முறை இது. பரிசோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடி மென்மையாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. தொடும்போது அவர் வலது அல்லது இடது என்று சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரல்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆசிரியர் அறையில் உணவு இடைவேளையில் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்து பார்த்தோம். எங்களில் இன்னொருவருக்கும் மூன்று விரல்கள் தெரியவில்லை. அவருக்கு நீரிழிவு இருப்பதே பிறகுதான் தெரிந்தது.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு என்றால் நோய் கண்டறிந்த அன்றே பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும்; பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சிறுவயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்கலாம். நம் வகுப்பில் இன்சுலின் போடும் பிள்ளை இருந்தால் பெற்றோரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கால் மரத்துப்போவதற்கு நீரிழிவு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மதுப்பழக்கம், தொழுநோய் எல்லாம் இதே அறிகுறிகளைத் தரும். நீரிழிவுக்கு நாம் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையக்கூடும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பரிசோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பாதத்தோடு நிற்பதில்லை

நீரிழிவு, உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் நரம்புகளையும் பாதிக்கும். நாற்காலியிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் சாப்பாடு செரிக்காமல் நிற்கும், சர்க்கரை அளவும் தாறுமாறாக ஏறி இறங்கும். சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாது. கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரையே குறைக்கும் ஆசிரியைகள் நம்மில் பலர். அவர்களுக்கு இது இன்னும் கெடுதல். சர்க்கரை தாழும்போது வரவேண்டிய படபடப்பும் வியர்வையும் சிலருக்கு வராமலே போகும். மாரடைப்பின்போது நெஞ்சு வலிகூடத் தெரியாமல் போகலாம். காரணமில்லாத மூச்சுத்திணறல், திடீர்ச் சோர்வு, வியர்வை ஆகியவற்றை நீரிழிவு உள்ளவர்கள் வாயு என்று ஒதுக்கக் கூடாது.

ஒரு மாணவனின் அப்பா

என் காயம் ஆற ஐந்து வாரங்கள் ஆயின. அந்த நாட்களில்தான் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் அடிக்கடி விடுப்பு எடுப்பதைக் கவனித்தேன். எப்போதும் முதல் வரிசையில் உட்காரும் பையன். அழைத்துக் கேட்டேன். "அப்பாவுக்குக் கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். அம்மா வேலைக்குப் போகணும்" என்றான்.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவர். இரவுப் பணி, எட்டு மணி நேரம் நின்றபடி, காற்றுப் புகாத கனமான காலணி. பாதம் மரத்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெந்நீரில் காலை வைத்திருக்கிறார். நீரின் சூடு காலுக்குத் தெரியவில்லை. கொப்புளம் வந்தது. வலிக்காததால் அதோடு இரண்டு வாரம் வேலைக்குப் போனார். காலணியைக் கழற்றியபோது வந்த நாற்றத்தை வைத்துத்தான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நீரிழிவு காரணமாகக் காலை எடுக்க நேரும் நிகழ்வுகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை ஒரு சிறு புண்ணில்தான் தொடங்குகின்றன. அந்தப் புண்ணை முதல் நாளே யாராவது பார்த்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம். அந்தப் பையன் பள்ளிக்கு வராத நாட்களை வருகைப் பதிவேட்டில் எண்ணினேன். பத்தொன்பது. ஒரு தகப்பனின் பாதத்தைப் பார்க்காமல் விட்டதற்கு ஒரு பிள்ளையின் படிப்பு கொடுத்த விலை அது.

செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

கெட்டுப்போன நரம்பை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்னும் இல்லை. எரிச்சலையும் வலியையும் குறைக்க நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால், அவை மரத்த காலுக்கு உணர்ச்சியைத் திருப்பித் தருபவை அல்ல. ஆகவே மேலும் கெடாமல் தடுப்பதுதான் முதல் வேலை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993இல் வெளியான பெரிய ஆய்வு, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினால் நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் வரை குறையும் என்று காட்டியது. இரண்டாம் வகையில் சர்க்கரையோடு ரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை ஆகியவற்றையும் கட்டுப்படுத்த வேண்டும். புகைப்பழக்கத்தை விட வேண்டும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பலருக்கு 7க்குக் கீழே இருப்பது நல்லது. உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாதத்துக்கென்று நான் இப்போது கடைப்பிடிப்பவை:

1. தினமும் இரவு பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைக்கிறேன். உள்ளங்காலைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். கண் பார்வை குறைந்தவர்கள் வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லலாம்.

2. வெடிப்பு வராமல் தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவுகிறேன். விரலிடுக்கில் மட்டும் தடவுவதில்லை. அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை வரும்.

3. வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடப்பதில்லை. வகுப்பறைக்குள் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். பின்பக்கம் வார் உள்ள, அடி மென்மையான செருப்பு. விரலிடுக்கில் வார் வரும் ஹவாய் செருப்பு மரத்த காலுக்கு ஆகாது. புதுச்செருப்பை மாலையில் வாங்க வேண்டும். அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும்.

4. செருப்பை மாட்டுமுன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன்.

5. நகத்தை நேராக வெட்டுகிறேன். கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவுவதில்லை, கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்திரியும் ஒட்டுவதில்லை. அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

6. வெந்நீர் ஒத்தடம், வெந்நீர்ப் பை இரண்டும் கிடையாது. குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பார்க்கிறேன்.

கோயில் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஆடி மாதம் திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் வெறுங்காலில் நடந்து போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஆண்டு வாசல்வரை செருப்போடு போனேன். வெயிலில் கொதிக்கும் வெளிப் பிராகாரத்தைச் சுற்றவில்லை. காலையிலேயே போய்த் தரை சூடேறுமுன் கும்பிட்டு வந்தேன். வெயில் நேரத்தில் போக நேர்ந்தால் மருத்துவரைக் கேட்டுத் தடித்த காலுறை போட்டுக்கொள்ளலாம்.

சிறு காயமானாலும் 24 மணி நேரத்துக்குள் காட்டுவது நல்லது. காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் நடப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே எலும்புகள் உடைந்து நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நீரிழிவு உள்ளவர்களின் பாதத்தைப் பரிசோதிப்பதற்கென்றே பாதம் பாதுகாப்போம் என்ற திட்டமும் தமிழ்நாடு அரசால் தொடங்கப்பட்டுள்ளது. அடுத்த முறை அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகும்போது சர்க்கரை அளவைக் கேட்பதோடு, "என் காலையும் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது நான் இப்போது ஒரு செயல்பாட்டைச் சேர்த்திருக்கிறேன். ஒரு கொண்டை ஊசியின் இரண்டு முனைகளையும் ஒன்றுக்கொன்று சிறிது விலக்கி, கண்ணை மூடிய நண்பனின் விரல் நுனியிலும் முன்கையிலும் மென்மையாகத் தொட வேண்டும். ஒரு முனையா, இரண்டு முனையா என்று அவன் சொல்ல வேண்டும். விரல் நுனி சில மில்லிமீட்டர் இடைவெளியையே பிரித்தறியும். முன்கைக்கு சில சென்டிமீட்டர் வேண்டும். உணர்வு ஏற்பிகள் எங்கே நெருக்கமாக உள்ளன என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். முனை கூராக இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அதன் தொடர்ச்சியாக வீட்டுப்பாடம்: வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் இருந்தால், அவருடைய அனுமதியோடு ஆறு விரல் சோதனையைச் செய்து பார்ப்பது. வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்காலில் வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. முடிவை வகுப்பில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு நோய் என்று பிள்ளைகளைப் பொதுவில் கேட்கவும் கூடாது. மாறுதல் எதுவும் தெரிந்தால் வீட்டாரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இது பயமுறுத்தும் வேலையாக மாறாமல், தாத்தா பாட்டியின் காலைத் தொட்டுப் பார்க்கும் பிரியமான வேலையாக இருக்கும்படி நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

அந்த ஏழாம் வகுப்பு மாணவன் இப்போது எட்டாம் வகுப்பு. அவனுடைய அப்பா தனியாகச் செய்துகொடுத்த காலணி அணிந்து, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறிவிட்டார். தினமும் இரவு டார்ச் அடித்து அப்பாவின் பாதத்தைப் பார்ப்பது மகனின் பொறுப்பு. போன வாரம் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றான்.

"டீச்சர், நேத்து உங்க காலைப் பார்த்தீங்களா?"

முந்தைய நாள் விடைத்தாள் திருத்திவிட்டு அப்படியே தூங்கிப்போயிருந்தேன். "இல்லப்பா" என்றேன்.

"இன்னைக்குப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனான். அன்று இரவு பார்த்தேன். நீங்களும் இன்று இரவு பாருங்கள்.